கேட்டால் புரிகிறது, படித்தால் புரியவில்லை: எந்தச் செயலி உதவும்?

கேள்வி: என் மகன் ஆங்கில வழியில் ஆறாம் வகுப்பு படிக்கிறான். பாடத்தை நான் படித்துக் காட்டினால் நன்றாகப் பதில் சொல்கிறான். தானே படித்தால் ஒரு பத்தியைத் தாண்டுவதற்குள் களைத்துவிடுகிறான். தமிழிலும் அப்படித்தான். எழுதச் சொன்னால் அழுகை. மொழியைக் கையாள்வதில் சிரமம் இருக்கலாம், பரிசோதியுங்கள் என்கிறார் ஆசிரியை. உறவினர் ஒருவர் ஆண்டுக் கட்டணம் கட்டும் செயலி ஒன்றைச் சொல்கிறார். வாங்கலாமா? செல்போன் வாசித்துக் காட்டப் பழகிவிட்டால் இவன் வாசிக்கவே கற்க மாட்டான் என்று என் கணவர் பயப்படுகிறார்.
- ஒரு தாய், ஈரோடு

பதில்: இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். உங்கள் மகனுக்கு முதலில் தேவைப்படுபவை பெரும்பாலும் உங்கள் போனிலும் கணினியிலும் இலவசமாகவே இருக்கின்றன. அதற்கு முன், அவன் எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறான் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மொழிச் சிரமம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே பல வகை உண்டு. ஒன்றுக்கு உதவும் கருவி இன்னொன்றுக்கு உதவாது.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அவன் இதுவரை படிக்காத, ஒரே அளவுள்ள இரண்டு பத்திகளை எடுங்கள். ஒன்றை அவனே படிக்கட்டும். மற்றதை நீங்கள் நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். இரண்டிலும் நாலைந்து கேள்விகள் கேளுங்கள், பதிலை வாயால் சொன்னால் போதும். கேட்டது புரிந்து, படித்தது புரியவில்லை என்றால் சிக்கல் எழுத்தை ஒலியாக மாற்றும் இடத்தில் இருக்கிறது. டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறைபாடு பெரும்பாலும் இப்படித்தான் தெரியும். இந்தப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் கருவி பெரிய உதவி. இரண்டுமே புரியவில்லை என்றால் சிரமம் மொழியைப் புரிந்துகொள்வதில்தான். அப்போது போன் எத்தனை முறை வாசித்தாலும் பயன் குறைவு. சின்ன வாக்கியங்கள், படங்கள், பாடத்துக்கு முன்பே புதுச் சொற்களைச் சொல்லிக்கொடுப்பது, ஸ்பீச் தெரபிஸ்ட் எனப்படும் பேச்சு, மொழிச் சிகிச்சையாளரின் உதவி இவைதான் வேண்டும். இரண்டும் புரிந்து, பதிலை எழுத மட்டும் வரவில்லை என்றால் அது வேறு கதை.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் மகன் முதல் வகை போலத் தெரிகிறது, எழுதும் சிரமமும் கூடவே இருக்கிறது. ஆனால் கடிதத்தை வைத்து யாரும் முடிவு சொல்லக் கூடாது. காதையும் கண்ணையும் முதலில் பரிசோதித்துவிடுங்கள். அப்புறம் ஒரு மருத்துவ உளவியலாளரிடம் கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீடு செய்யுங்கள். பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய மதிப்பீட்டு முறை நம் நாட்டில் பரவலாகப் பயன்படுகிறது.

சரி, கருவிகள். கணினியில் மைக்ரோசாஃப்ட் எட்ஜ் உலாவி இருந்தால் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அது வாசிக்க ஆரம்பிக்கும், வாசிக்கும் சொல் அப்போதைக்கப்போது நிறம் மாறிக் காட்டும். காதும் கண்ணும் ஒரே சொல்லில் நிற்பதால், வெறும் ஒலிப்பதிவைக் கேட்பதைவிட இதை நான் விரும்புகிறேன். தமிழுக்கு பல்லவி, வள்ளுவர் என்று இரண்டு இந்தியக் குரல்கள் உண்டு. வேகத்தை முக்கால் அளவுக்குக் குறைத்து வையுங்கள். அதே நிறுவனத்தின் இம்மெர்சிவ் ரீடர் என்ற வாசிப்பு வசதியில் ஒரு வரியை மட்டும் காட்டி மற்றதை மறைக்கலாம், எழுத்துகளின் இடைவெளியைக் கூட்டலாம், ஆங்கிலச் சொற்களை அசை அசையாகப் பிரிக்கலாம்.

ஆண்ட்ராய்டு போனில் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் செலக்ட் டு ஸ்பீக் இருக்கிறது. தொட்ட பகுதியை வாசிக்கும். தமிழ்க் குரலை ஒருமுறை பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். அச்சுப் புத்தகம் என்றால் கூகுள் லென்ஸில் பக்கத்தைக் காட்டி வாசிக்க வைக்கலாம்.

தமிழில் இரண்டு சிக்கல்கள் வரும், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது, தமிழ் பிடிஎஃப்கள் பல பழைய எழுத்துருக்களில் செய்யப்பட்டவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், வாசிக்கச் சொன்னால் கருவி உளறும். பையனின் தவறும் இல்லை, போனின் தவறும் இல்லை. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் பெரும்பாலும் கருவி வாசிக்கக்கூடிய யூனிகோட் எழுத்தாக மாறிவிடும். ல, ள, ழ குழப்பங்களை நீங்கள் ஒருமுறை பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.

இரண்டாவது இன்னும் முக்கியம், இதைப் பலர் கவனிப்பதே இல்லை. நம் பிள்ளைகள் பேசும் தமிழ் வேறு, பாடநூல் தமிழ் வேறு. 'மழை பெஞ்சுது' என்று பேசும் பிள்ளைக்கு 'மழை பொழிந்தது' என்பதைக் கருவி எவ்வளவு தெளிவாக வாசித்தாலும் கூடுதலாக ஒரு படி ஏற வேண்டியிருக்கிறது. மற்ற பிள்ளைகள் தெரியாமலே ஏறிவிடுவார்கள். மொழிச் சிரமம் உள்ள பிள்ளை அங்கேயே நின்றுவிடும். அதனால் தமிழ்ப் பாடத்தைக் கேட்க வைப்பதற்கு முன் அதன் சாரத்தைப் பேச்சுத் தமிழில் நீங்கள் ஒருமுறை சொல்லிவிடுங்கள். குரலால் எழுத வைக்கும்போதும் இதேதான். கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் மைக்கை அழுத்திப் பேசினால் தமிழில் எழுதும். அவன் பேச்சுத் தமிழில்தான் சொல்வான். சொல்லட்டும். முதலில் எண்ணம் வெளியே வரட்டும். பிறகு இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியமாக எழுத்துத் தமிழுக்கு மாற்றுங்கள். சொல்லும்போதே திருத்தினால் அவன் வாயை மூடிக்கொள்வான்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் ஒரு பத்தியைக் கொடுத்து எளிய வாக்கியங்களில் கேட்பதில் தப்பில்லை. ஆனால் தகவலைத் தவறாக மாற்றிவிடும் அபாயம் உண்டு. நீங்கள் படித்துப் பார்த்த பிறகே பையனிடம் கொடுங்கள்.

டிஸ்லெக்ஸியாவுக்கென்றே உருவாக்கிய எழுத்துரு, வண்ணக் கண்ணாடித்தாள் என்றெல்லாம் விற்பார்கள். ஓப்பன் டிஸ்லெக்ஸிக் போன்ற எழுத்துருக்களைச் சோதித்த ஆய்வுகளில் வாசிப்பு மேம்பட்டதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. வண்ணத் தாள்களின் நிலையும் அதுவே. எழுத்தைப் பெரிதாக்கி, இடைவெளியைக் கூட்டினால் சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே எளிதாகிறது. அதற்குக் காசு தேவையில்லை.

உங்கள் கணவரின் பயம் நியாயமானது. அதற்கு ஒரே வழி, வாசிக்கக் கற்பதையும் பாடம் கற்பதையும் பிரித்து வைப்பது. தினமும் கால் மணி நேரம், எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் பயிற்சி. அதில் எந்தக் கருவியும் வேண்டாம். முடிந்தால் ஒரு சிறப்புக் கல்வியாளர் வழிகாட்டட்டும். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இதில் நீண்ட அனுபவம் உள்ள அமைப்பு. அறிவியலும் சமூக அறிவியலும் படிக்கும்போது கருவி வாசிக்கட்டும். ஒளிச்சேர்க்கையைப் புரிந்துகொள்ளும் அறிவு அவனிடம் இருக்கிறது. வாசிப்பு கைகூடும் வரை அதைக் காக்க வைப்பது அநியாயம்.

தேர்வை இப்போதே மனதில் வையுங்கள். வீட்டில் பழகும் போனைத் தேர்வு அறைக்குள் கொண்டுபோக முடியாது. ஆனால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் டிஸ்லெக்ஸியா போன்றவை அடங்கும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்பதும் ஒன்று. உரிய சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கேட்கலாம். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, எழுத்துத் தேர்வில் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும். விவரங்கள் கல்வி வாரியத்துக்கு வாரியம் மாறும், தலைமை ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொருவர் எழுதும்படி கோவையாகச் சொல்வதற்கும் பழக்கம் வேண்டும். குரலால் எழுதும் பயிற்சி அங்கே கைகொடுக்கும். எட்டாம் வகுப்பிலிருந்தே வகுப்புத் தேர்வுகளில் அந்த வாய்ப்பைக் கொடுக்கும்படி பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். சான்றிதழ் வேலையைப் பத்தாம் வகுப்பு வரை தள்ளிப்போடாதீர்கள்.