நுண்துளை ரப்பரில் ஒலி ஏன் காற்றில் செல்வதை விடவும் மெதுவாகச் செல்கிறது?

காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டரும், துளையற்ற சிலிக்கோன் ரப்பரில் சுமார் 1,000 மீட்டரும் செல்வதால், இரண்டும் கலந்த நுண்துளை ரப்பரில் வேகம் இடைப்பட்டதாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. உண்மையில் அது 100 மீட்டருக்கும் கீழே இறங்கக்கூடும்.

ஒலியின் வேகத்தைத் தீர்மானிப்பவை பொருளின் விறைப்பும் அடர்த்தியும்: விறைப்பு கூடினால் வேகம் கூடும், அடர்த்தி கூடினால் குறையும். மென்மையான ரப்பரின் வடிவத்தை மாற்றுவது எளிது. கன அளவைக் குறைப்பதோ அதைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு கடினம். துளை இல்லாதபோது ஒலியலை ரப்பரையே நசுக்க வேண்டும். துளைகள் இருந்தாலோ, அழுத்தப்பட்ட ரப்பர் சற்றே உருமாறி அருகிலுள்ள துளைக்குள் புடைத்துக்கொள்கிறது. ஆகவே பத்தில் மூன்று பங்கு துளையானால் அடர்த்தி அதே அளவுதான் குறைகிறது, விறைப்போ நூற்றுக்கணக்கான மடங்கு சரிந்துவிடுகிறது. சுருங்கச் சொன்னால், காற்றைப் போல் இளகிய சுருள்வில்லில் ரப்பரின் எடையைத் தொங்கவிட்டதுபோல் ஆகிறது. கடினமான பிளாஸ்டிக்கின் வடிவத்தை மாற்றுவதும் கடினம் என்பதால், அதில் துளையிட்டால் இவ்வளவு வீழ்ச்சி நிகழாது.

துளைகள் அலைநீளத்தைவிட மிகச் சிறியவையாக இருக்கும்வரைதான் இந்தக் கணக்கு செல்லும். ஒலியின் அதிர்வெண், துளைகள் தாமாகவே அதிரும் இயல்பதிர்வெண்ணை நெருங்கும்போது அலை சிதறி, அதன் ஆற்றல் ரப்பருக்குள் வெப்பமாகிறது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் சிலவற்றின்மீது ஒட்டப்பட்ட 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள ‘ஆல்பெரிக்’ உறை, துளையிட்ட செயற்கை ரப்பரால் நீர்மூழ்கியைத் தேட எதிரி அனுப்பிய சோனார் ஒலியை விழுங்கியது இவ்வாறே.