கடைசி இரவின் நெருப்பு

அன்புள்ள சார்,

பிரிஸ்பேனில் பதினோரு வருடமாக இருக்கிறோம். மகள் வரும் நவம்பரில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறாள். பரீட்சை முடிந்ததும் இங்கே பிள்ளைகள் ‘ஸ்கூலீஸ்’ என்று கூட்டமாக கோல்ட் கோஸ்ட் போய் அறை எடுத்துத் தங்குவார்கள். குடி, கும்மாளம். அதற்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது, தோழியின் சர்ச் நடத்தும் ஐந்து நாள் கடற்கரை கேம்புக்குப் போகிறேன் என்கிறாள். அங்கே குடி கிடையாது. ஆனால் காலையும் இரவும் பைபிள் உண்டு. அவள் ஆறு வருடமாகப் படிப்பதும் கிறிஸ்தவப் பள்ளிதான், ஒழுக்கத்துக்காகச் சேர்த்தோம். ஆனாலும் நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். மதம் மாற்றிவிடுவார்களோ என்று என் மனைவி தூங்குவதில்லை. கட்டணமும் அதிகம். நீங்கள் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் கேட்கிறேன். அனுப்பலாமா?

ச., பிரிஸ்பேன்

அன்புள்ள நண்பருக்கு,

அனுப்புங்கள்.

போன வாரம் என் தங்கை மகன் பிளஸ் டூ பரீட்சை முடித்துவிட்டு ஒரு கேம்புக்குப் பை அடுக்கினான். இரண்டு லுங்கி, வேதாகமம், டார்ச் லைட். வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவனிடம் ஒன்று சொல்ல நினைத்து, சொல்லாமலே பஸ் ஏற்றிவிட்டேன். மறுநாள் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் உங்கள் மேல் இருக்கும் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடம் அந்தப் பள்ளியில் ஜெபம் நடந்திருக்கும். அப்போது வராத பயம் இந்த ஐந்து நாளுக்கு ஏன் வருகிறது? அவர்கள் தரும் ஒழுக்கம் வேண்டும், மதிப்பெண் வேண்டும். எதை நம்பி அவர்கள் அதைச் செய்கிறார்களோ அது மட்டும் மகள் காதில் விழக்கூடாது. இது என்ன நியாயம்? பதினேழு வருடம் உங்களோடு நின்று கும்பிட்ட பிள்ளை ஐந்து நாளில் கரைந்துவிடுவாள் என்று நினைக்கிறீர்களே, வீட்டில் ஒருநாளாவது அவளோடு உட்கார்ந்து முருகனைப் பற்றிப் பேசியிருக்கிறீர்களா?

ஸ்கூலீஸையும் இரண்டே வார்த்தையில் தள்ளிவிட்டீர்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் 1997இலிருந்து ‘ரெட் ஃபிராக்ஸ்’ என்ற கிறிஸ்தவ இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். போதையில் தள்ளாடும் பிள்ளையை அறைவரைக்கும் நடத்திக் கூட்டிப்போவார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், பான்கேக் சுட்டுக் கொடுப்பார்கள். தவளை வடிவச் சிவப்பு மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு அறைக் கதவைத் தட்டியதில் ஆரம்பித்தது, அதுவே பெயராகிவிட்டது. அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கட்டணம் உங்கள் வீட்டுக் கணக்கு. அதற்குள் நான் வரவில்லை.

தங்கை மகனிடம் சொல்லாமல் விட்டதற்கு வருகிறேன். 1991 ஏப்ரலில் நானும் இப்படி ஒரு கேம்புக்குப் போனேன். மணப்பாட்டுக்குக் கொஞ்சம் வடக்கே, கடலை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடம். பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு வகுப்பறைத் தரையில் படுத்தோம். விடியற்காலையில் பதநீர் வரும். அதன் பிறகு ‘அமைதி வேளை’: ஆளுக்கொரு இடமாக மணலில் தனியே உட்கார்ந்து வேதம் வாசிக்க வேண்டும். மூன்றாம் நாள் என் பக்கத்தில் ஒரு அண்ணன் வந்து உட்கார்ந்தார். பாளையங்கோட்டையில் கல்லூரி இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தவர். “தம்பி, உனக்கு எதுக்குப் பயம்?” என்று கேட்டார். “எங்க அப்பாவுக்கு” என்றேன். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. வாத்தியாரும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. நம்மைவிட நாலு வயது மூத்த ஒருவர் நேரம் ஒதுக்கி நம்மைக் கேட்பது அந்த வயதில் எவ்வளவு பெரிய விஷயம்! உங்கள் மகளுக்கு அது கிடைக்க வேண்டும் என்றுதான் முதல் வரியிலேயே அனுப்புங்கள் என்று எழுதினேன்.

கடைசி இரவு பனைமட்டைகளைக் குவித்து நெருப்பு போட்டார்கள். ஐந்து நாளாகச் சரியான தூக்கமில்லை. பாடிப் பாடித் தொண்டை கட்டியிருந்தது. விடிந்தால் எல்லோரும் பிரிந்துவிடுவோம். இருட்டில் கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்கிறது. செய்தி கொடுத்தவர், அதாவது பிரசங்கம் பண்ணியவர், குரலைத் தாழ்த்தி, “முழுநேர தேவ ஊழியத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கிறவர்கள் ஒரு சுள்ளியை எடுத்து நெருப்பில் போடுங்கள்” என்றார். பக்கத்திலிருந்தவன் எழுந்தான். நானும் எழுந்தேன். அழுதேன். டார்ச் வெளிச்சத்தில் தீர்மான அட்டையில் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். நான் பி.காம். சேர்ந்தேன். எங்கள் சர்ச் போதகரை ஐயர் என்போம். அவர் பார்க்கும்போதெல்லாம், “செமினரிக்கு எப்பப்பா?” என்பார், போதகர் படிப்புக்கு. பொருத்தனை, அதாவது நேர்ச்சை, பண்ணினால் அதைச் செலுத்தத் தாமதிக்காதே என்று வேதாகமத்தின் பிரசங்கி புத்தகத்தில் இருக்கிறது. அந்த வசனத்துக்குப் பயந்து ஒன்பது வருடம் சர்ச் இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்வேன்.

செய்தி கொடுத்தவர் நல்ல மனிதர். எங்களை நேசித்தார், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் அன்று இரவு அவர் செய்தது தப்பு. அந்த நெருப்புக்கு முன்னால் ஒரு கட்சிக்காரர் வந்து கேட்டிருந்தாலும் நான் எழுந்து நின்றிருப்பேன். பரீட்சை முடிந்து, அடுத்தது என்ன என்று தெரியாமல் நிற்கிற பதினேழு வயதில் மனம் அப்படித்தான் இளகும். இளகியதில் பொய்யில்லை. அந்த நேரம் பார்த்துக் கையெழுத்து வாங்கக்கூடாது. எந்த மதத்துக்காரர் வாங்கினாலும் கூடாது.

வேதத்திலேயே பாருங்கள். யோவான் எழுதிய சுவிசேஷத்தில் இரண்டு கரிநெருப்பு வருகிறது. முதலாவது இரவில், குளிர்காய்ந்துகொண்டிருந்த சீடன் பேதுரு அங்கேதான் இயேசுவைத் தெரியாது என்று சொல்கிறான். இரண்டாவது கடற்கரையில், விடிந்த பிறகு. இயேசு மீன் சுட்டு வைத்திருக்கிறார், சாப்பிட வாருங்கள் என்கிறார். அவர்கள் சாப்பிட்டு முடித்த பின்புதான் பேதுருவிடம், என்னை நேசிக்கிறாயா என்று கேட்கிறார். காலையில், வயிறு நிறைந்த பிறகு. எத்தனையோ கேம்புகளில் இந்தப் பகுதியை வாசித்திருப்பார்கள். காலையில் கேட்க வேண்டும் என்று ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை? கடற்கரையில் பிள்ளைகளைக் கூட்டுவதற்கு வழிகாட்டிய ஜோசியா ஸ்பியர்ஸ்கூட 1868இல் வேல்ஸ் நாட்டு லாண்டட்னோ கடற்கரையில் மணலில் ‘தேவன் அன்பாகவே இருக்கிறார்’ என்று எழுதி, சிப்பியும் கடற்பாசியும் கொண்டு அதை அலங்கரிக்கத்தான் பிள்ளைகளைக் கூப்பிட்டார். ஊர் பார்க்க, பட்டப்பகலில்.

அதனால் கேம்ப் நடத்துகிறவர்களுக்கு நீங்களே போன் போடுங்கள். கடைசி இரவில் என்ன நடக்கும் என்று கேளுங்கள். தீர்மான அட்டை உண்டா, வீட்டுக்குப் போய் ஒரு மாதம் கழித்து அனுப்பினால் ஏற்றுக்கொள்வீர்களா என்றும் கேளுங்கள். தடுமாறினால் அதிலேயே உங்களுக்குப் பதில் இருக்கிறது. பிள்ளைகளோடு தங்கும் பெரியவர்கள் எல்லோரிடமும் ப்ளூ கார்டு, அதாவது பிள்ளைகளோடு வேலை செய்ய அரசு தரும் அனுமதி அட்டை, இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நிறுவனங்களில் குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகளைப் பற்றி உங்கள் நாட்டு ராயல் கமிஷன் என்ற விசாரணைக் குழு 2017இல் 17 தொகுதி அறிக்கை கொடுத்தது. அதன்பிறகு இந்தக் கேள்விக்கு நல்லவர்கள் யாரும் கோபப்பட மாட்டார்கள். கடற்கரைக் காவலர்கள் நட்டிருக்கும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர்க் கடல் உள்ளே இழுக்கும்.

மகளிடம் மதம் பற்றி எச்சரிக்கை எதுவும் வேண்டாம். “எதுக்கும் காலையில் சாப்பிட்டுவிட்டு முடிவு பண்ணும்மா” என்று மட்டும் சொல்லுங்கள். திரும்பும் நாளில் நீங்களும் உங்கள் மனைவியும் போய் அழைத்து வாருங்கள். அவளாகப் பேசும்வரை காரில் பாட்டு போடாதீர்கள்.

தங்கை மகன் நாளைக் காலை வருகிறான். பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் போகிறேன்.