வாசகர் கேட்டவை: பந்தைத் தொடாத ஆட்டக்காரர்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஓடியும் வீசியும் ஆடுவது) பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினாலும் எழுதினேன், வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அந்த முன்வரிசை ஆசாமிகளைப் பற்றித்தான். சரி, இந்த முறை முழுக்க அவர்களுக்கே.

டிவியில் பார்த்தால் முன்னால் ஐந்து பேர் குனிந்து நிற்கிறார்கள். பந்து அவர்களிடம் வருவதே இல்லை. அவர்களுக்கு என்னதான் வேலை? (கோவை வாசகர்)

இடிப்பதுதான் வேலை. நடுவில் நிற்பவர் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள். சென்டர் மட்டும் பந்தைக் காலிடுக்கு வழியாகப் பின்னால் தருவார், அதோடு சரி. மற்ற நால்வரும் பந்தைத் தொடாமலே ஒரு சீசனை முடித்துவிடலாம். பந்தை வீசும் குவார்ட்டர்பேக்குக்கு இரண்டரை, மூன்று வினாடி அவகாசம் வாங்கித் தர வேண்டும், பந்தை வைத்துக்கொண்டு ஓடுகிறவருக்கு வழி திறந்துவிட வேண்டும்.

கேட்கச் சுலபம்தான். ஆனால் இடது டேக்கிளை மட்டும் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். எதிராளி முன்னோக்கிப் பாய்ந்து வருவார், இவரோ பின்னால் நகர்ந்துகொண்டே அவரைத் தடுக்க வேண்டும், அதுவும் 130, 140 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு. வெளிக்காலைப் பின்னால் சறுக்கி வைத்து, உள்காலை இழுத்துக்கொள்வார். இடுப்பு நிமிர்ந்தால் தீர்ந்தது, தூக்கி எறிந்துவிடுவார்கள். இரண்டு கையும் எதிராளியின் மார்பில் போய்ப் பதிய வேண்டும். கை வெளியே போய்ச் சட்டையைப் பற்றி இழுத்தால் 'ஹோல்டிங்', அணிக்கு 10 கெஜம் நஷ்டம். பந்து கிளம்பும் முன்னே கால் அசைந்தால் 5 கெஜம். வலது கைக்காரர் பந்தை வீசத் தயாராகும்போது அவருடைய இடது பக்கம் முதுகுப்புறமாகிவிடும், வருகிற அடி கண்ணில் படாது. இடது டேக்கிளுக்கு அவ்வளவு மவுசு இருப்பது அதனால்தான்.

நம் கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் மாதிரிதான், ஒழுங்காகச் செய்தால் யாரும் பேச மாட்டார்கள். கீப்பருக்காவது ஸ்கோர்கார்டில் கேட்ச், ஸ்டம்பிங் என்று பெயர் வரும், இவர்களுக்கு அதுவும் கிடையாது. தப்பு செய்தால் மட்டும் நடுவர் மைக்கில் இவர்களின் எண்ணைச் சொல்லுவார், மைதானம் முழுக்கக் கேட்கும்.

டெக்சாஸில் இருக்கிறோம். ஒன்பதாவது படிக்கும் என் மகனின் உடம்பு வாகைப் பார்த்து கோச் அவனை அஃபென்சிவ் லைனில் போட்டுவிட்டார். ஸ்காலர்ஷிப் வரை போகலாம் என்கிறார்கள். நம்பலாமா, விளையாட விடலாமா? (டாலஸ் வாசகி)

அம்மா, நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. முதலில் ஸ்காலர்ஷிப். இந்த ஒரு இடத்தில்தான் தாமதமாக வளர்கிற பையனுக்கும் வாய்ப்பு உண்டு. வேகமாக ஓடுகிறவர்களைப் பதினாறு வயதிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். லைன்மேன் அப்படி இல்லை, பத்தொன்பது, இருபது வயது வரை உடம்பு போட்டுக்கொண்டே இருக்கும். அதனால் கல்லூரிக்குள் நுழைந்ததும் பலருக்கு முதல் வருஷம் ஆட்டமே இருக்காது. 'ரெட்ஷர்ட்' என்று உட்கார வைத்து, ஜிம்முக்கும் மெஸ்ஸுக்கும் மாற்றி மாற்றி அனுப்பி ஆளை உருவாக்குவார்கள். ஐந்து வருஷத்துக்குள் நான்கு சீசன் ஆடலாம் என்ற விதி இருந்ததால் அந்த வருஷம் வீணும் இல்லை. ஜேசன் கெல்சி சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் 'வாக்-ஆன்' ஆகச் சேர்ந்தவர், அதுவும் வேறு இடத்தில் ஆட. பிறகுதான் லைனுக்கு மாற்றினார்கள். தொழில்முறை லீகான என்எஃப்எல் அணிகள் ஆள் எடுக்கும் தேர்வில் 2011இல் ஆறாவது சுற்றில் எடுத்த ஆள், பிலடெல்பியா ஈகிள்ஸின் சென்டராக 13 சீசன் ஆடிவிட்டு 2024இல் ஓய்வு பெற்றார்.

ஆனால் எனக்குப் பிடித்த கதை பிராண்டன் பர்ல்ஸ்வர்த்துடையது. ஆர்கன்சாவில் ஹாரிசன் என்ற சின்ன ஊர்ப் பையன். தடித்த கறுப்பு பிரேம் கண்ணாடி, கொஞ்சம் ஊளைச்சதை. சின்னக் கல்லூரிகள் கூப்பிட்டும் போகாமல், சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1994இல் வாக்-ஆனாகப் போய் நின்றார். வாக்-ஆன் என்றால் என்ன தெரியுமா? உதவித்தொகை கிடையாது, இடம் உறுதி கிடையாது, பயிற்சியில் முதல் அணிக்காரர்கள் இடித்துப் பழக ஒரு உடம்பு, அவ்வளவுதான். கோச் சொன்னதைச் செய்துகொண்டே இருந்து, மூன்று வருஷம் நிரந்தர கார்டாக ஆடி, 1998இல் ஆல்-அமெரிக்கன், அதாவது நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்கள் பட்டியலில் ஒருவர் ஆனார். கடைசி ஆட்டத்துக்கு முன்பே முதுகலைப் பட்டமும் கையில். கல்லூரிக் கால்பந்து பற்றி எவ்வளவோ கிண்டல் பேசுகிறோம், இந்த இடத்தில் எனக்கு வாய் வராது. 1999 ஏப்ரலில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அவரை மூன்றாவது சுற்றில், 63ஆவது ஆளாக எடுத்தது. பதினோரு நாள் கழித்து, சொந்த ஊருக்குப் போகிற வழியில் கார் விபத்தில் இறந்துபோனார். வயது 22. அவருடைய 77ஆம் எண்ணை ஆர்கன்சா வேறு யாருக்கும் தருவதில்லை. 2010 முதல் நாட்டின் சிறந்த வாக்-ஆனுக்குத் தரும் விருதுக்கும் அவர் பெயர்தான்.

அந்தப் பாதை இன்று அப்படியே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025இல் வீரர்கள் தொடுத்த வழக்கில் வந்த புது ஒப்பந்தப்படி, அதை ஏற்ற கல்லூரிகளில் அணிக்கு 105 பேர்தான். முன்பு ஸ்காலர்ஷிப் 85 பேருக்கு என்றாலும், அதற்கு மேல் வாக்-ஆன்களை எத்தனை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்காலர்ஷிப் கூடியிருக்கலாம், ஓரத்தில் நின்று காத்திருக்கிற பையனுக்கு இடம் குறைந்துவிட்டது.

இனி இரண்டாவது கேள்வி, தலை. மற்றவர்களுக்கு எப்போதாவது ஒரு பெரிய அடி, லைன்மேனுக்கு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சின்னச் சின்ன மோதல் நிறைய. மயக்கம் வராது, டாக்டர் கவனிக்கவும் மாட்டார், ஆனால் சேர்ந்துகொண்டே போகும். 2017இல் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு தானமாக வந்த மூளைகளை ஆராய்ந்தபோது, கல்லூரி வரை ஆடியிருந்த 53 பேரில் 48 பேருக்கு 'சிடிஇ' என்ற மூளைச் சிதைவு இருந்தது. சந்தேகம் இருந்ததால்தான் பல குடும்பங்கள் மூளையைக் கொடுத்தன, அதனால் ஆடுகிற எல்லோருக்கும் இதே விகிதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்காகத் தள்ளிவிடக்கூடிய எண்ணும் இல்லை.

என் கருத்து? பையனுக்கு ஆசை இருந்தால் பள்ளிவரை ஆடட்டும். மற்போர், குண்டு எறிதல் இதில் ஒன்றையும் கூடவே செய்யட்டும், லைன்மேனுக்குக் கால் வேலை அங்கேயும் வரும். மோதல் பயிற்சி வாரத்துக்கு எத்தனை நாள் என்று கோச்சிடம் நேராகக் கேளுங்கள், பதில் மழுப்பலாக வந்தால் யோசியுங்கள். ஒன்பதாவது படிக்கிற பையனை எடை ஏற்றச் சொன்னால் மட்டும் கண்டிப்பாக வேண்டாம். ஸ்காலர்ஷிப்பை நம்பிக் கணக்குப் பாடத்தை விட்டுவிடவும் வேண்டாம்.

இப்போது கல்லூரி ஆட்டக்காரர்களே கோடீஸ்வரர்களாமே? லைன்மேனுக்கும் உண்டா? (சென்னை வாசகர்)

உண்டு, ஆனால் குவார்ட்டர்பேக் அளவுக்கு இல்லை. 2021 ஜூலையில் சொந்தப் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்க அனுமதி வந்தது, 2025 ஜூலை முதல் கல்லூரியே தன் விளையாட்டு வீரர்களுக்குப் பங்கு தரலாம், முதல் வருஷ வரம்பு எல்லோருக்கும் சேர்த்துச் சுமார் 2.05 கோடி டாலர். ஷூ விளம்பரத்தில் கார்டு முகத்தை யார் போடுவார்கள்? இவர்களுக்குப் பணம் வருவது வேறு வழியில்: நல்ல டேக்கிள் கிடைப்பது அரிது, கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கும் 'டிரான்ஸ்பர் போர்ட்டல்' வழியாக இன்னொரு கல்லூரி கொத்திக்கொண்டு போகும், போகாமல் இருக்க இந்தக் கல்லூரி கொடுக்கும்.

இவர்களில் யார் பெரிய ஆள்? (மதுரை வாசகர்)

சண்டை மூட்டிவிடுகிறீர்கள். ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கு 1935 முதல் தரப்படும் ஹைஸ்மன் கோப்பையை ஒரு சென்டரோ கார்டோ டேக்கிளோ வாங்கியதே இல்லை. 1973இல் ஒஹையோ ஸ்டேட்டின் ஜான் ஹிக்ஸ் இரண்டாவது வந்தார். 1996இல் அதே கல்லூரியின் ஆர்லாண்டோ பேஸ் நான்காவது. பேஸ் எதிராளியை மல்லாக்கப் படுக்க வைப்பதை 'பேன்கேக்' என்று எண்ணி, பிரிட்ஜில் ஒட்டுகிற காந்தமாகச் செய்து விளம்பரம் பண்ணினார்கள். அடுத்த வருஷம் என்எஃப்எல் தேர்வில் முதல் ஆளாகப் போனார்.

நான் ஓட்டுப் போடுவது விஸ்கான்சினின் ஜோ தாமஸுக்கு. 2006 ஜனவரி 2ஆம் தேதி ஆட்டத்தில் தற்காப்பு வரிசையில் ஆள் இல்லையென்று இவரை அங்கே இறக்கினார்கள், முழங்கால் தசைநார் கிழிந்தது. கல்லூரிக்கே திரும்பி வந்து சிறந்த லைன்மேனுக்கான அந்த ஆண்டின் அவுட்லாண்ட் கோப்பையை வாங்கினார். 2007 தேர்வு நாளன்று நியூயார்க் மேடைக்குப் போகாமல் அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார், மூன்றாவது ஆளாகக் கிளீவ்லாந்து எடுத்தது. அங்கே தொடர்ந்து 10,363 ஆட்டத் துண்டுகள் (பந்து கிளம்புகிற ஒவ்வொரு முறையும் ஒன்று), ஒன்றுகூட விடாமல். அவ்வளவு ஆடியும் பிளேஆஃப் பக்கமே போகாத அணி, பாவம்.

ஆட்டம் முடிந்த பிறகு அந்த உடம்பை என்ன செய்வார்கள்? (பெங்களூரு வாசகர்)

இறக்க வேண்டும், அதுதான் பெரும்பாடு. கல்லூரியில் ஆடுபவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட என்எஃப்எல் போவதில்லை, மற்றவர்கள் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் 136 கிலோவோடு வேலை தேடுகிறார்கள். பசிக்காமல் சாப்பிட்டுப் பழகிய வயிறு. ஜோ தாமஸ் ஓய்வு பெற்ற சில மாதங்களிலேயே 20 கிலோவுக்கு மேல் குறைத்தார், மனம் வைத்தால் முடியும். ராணுவக் கல்லூரிப் பையன்களுக்கு மெதுவாகக் குறைக்கிற சலுகையே இல்லை, பட்டம் வாங்கிய கையோடு அதிகாரியாக வேண்டும், ராணுவ எடைக்கு வந்தே ஆக வேண்டும். அதனால் அங்கே லைன்மேன்கள் ஒல்லி. அப்படியும் 2024இல் நாட்டின் சிறந்த முன்வரிசைக்கான ஜோ மூர் விருது ஆர்மி அணிக்குத்தான் போனது.

ஒரே ஒரு ஆட்டம் பார்க்கப் போகிறேன். எதைப் பார்க்க? (திருச்சி வாசகர்)

முதல் பத்து நிமிஷம் பந்தை மறந்துவிடுங்கள். ஒரு கார்டின் எண்ணைப் பிடித்துக்கொண்டு அவரையே பாருங்கள். நேராக முட்டாமல் வரிசைக்குப் பின்னால் திரும்பிப் பக்கவாட்டில் ஓடினால், பந்தும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் வரப்போகிறது. பக்கத்தில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி அசத்தலாம்.