மாடியில் கிடந்த வரி வரியான இறகு ஆந்தையுடையதா?

இல்லை, அது பெண் குயிலின் வால் இறகு. ஆந்தை இறகு என்று சொல்லும் உங்கள் பாட்டியிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

18 செ.மீ. நீளம், கரும்பழுப்பு நிறம், குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள், தண்டு ஏறக்குறைய நடுவில் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. எல்லோரும் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். வரி இருந்தால் ஆந்தை, இல்லாவிட்டால் பருந்து என்று முடிவு கட்டிவிடுவார்கள். நானும் அப்படித்தான், கல்லூரியில் படிக்கும்போது இதே மாதிரி ஒரு இறகை வைரி என்ற சின்ன வேட்டைப் பறவையின் இறகு என்று நோட்டுக்குள் வைத்து இரண்டு வருஷம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பார்க்க வேண்டியது தண்டு எங்கே ஓடுகிறது என்பது. ஒரு பக்கம் குறுகலாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருந்தால் அது சிறகின் வெளிப்பக்க இறகு, காற்றைக் கிழிப்பது அந்தக் குறுகிய பக்கம்தான். இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் பெரும்பாலும் வாலின் நடுப்பகுதி. உங்களுடையது வால்.

அப்புறம் நீளம். ஊருக்குள் நாம் அதிகம் பார்க்கிற புள்ளி ஆந்தை முழுசாகவே 21 செ.மீ. தான், அந்தக் குட்டி உடம்பில் 18 செ.மீ. வால் இறகு எப்படி முளைக்கும்? பெரிய ஆந்தைகளும் இருக்கின்றன, கூகை மாதிரி, ஆனால் கூகையின் இறகு வெளிர் பொன்னிறம், உங்கள் வர்ணனைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆந்தை இறகைத் தொட்டாலே தெரிந்துவிடும், மேற்பரப்பு வெல்வெட் துணி போல இருக்கும். சிறகின் முன்னோரத்து இறகாக இருந்தால் ஓரத்தில் சீப்புப் பல் போலச் சின்னச் சின்ன இழைகள் நிற்கும். சத்தமில்லாமல் பறக்க அது உதவுகிறது.

வைரியோடுதான் குழப்பம் வரும். அதற்கு நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: வைரியின் வாலில் வெளிர் சாம்பல் பின்னணியில் அகலமான கருப்புப் பட்டைகள், எண்ணிவிடலாம். குயிலில் அப்படியே தலைகீழ், இருண்ட பின்னணியில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். நீங்கள் எழுதியது இரண்டாவது.

செம்போத்தா என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். வளர்ந்த செம்போத்தின் சிறகு செங்கல் நிறம், வால் கருப்பு, கோடு எதுவும் இருக்காது.

பெண் குயிலைப் பார்த்தும் அது குயில் என்று தெரியாதவர்கள் நிறையப் பேர். கூவுகிற கருப்புப் பறவை ஆண். பெண் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு பழுப்பாக இருக்கும், புள்ளிக்குயில் என்று சொல்வது அதைத்தான், கண் மட்டும் ஆணைப் போலவே சிவப்பு. கூவாது, ‘கிக் கிக் கிக்’ என்று வேகமாகக் கத்தும். உங்கள் மாடிப் பக்கம் தென்னையிலோ வேம்பிலோ காகம் கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். குயில் காகத்தின் கூட்டில்தானே முட்டையிடும், காகங்கள் விரட்டிக்கொண்டு வரும்போது வால் இறகு ஒன்று பிய்ந்து விழுவது ஒன்றும் அதிசயமில்லை. உங்கள் இறகின் அடித்தண்டு சுத்தமாக, முழுசாக இருந்தால் இறகுதிர்ப்பில் தானாகவே விழுந்ததாகவும் இருக்கலாம்.

அடுத்த தடவை ஏதாவது கிடைத்தால் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, மேல்பக்கம் ஒன்று அடிப்பக்கம் ஒன்று என்று இரண்டு படம் எடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) என்ற இயற்கை ஆர்வலர்களின் இணையதளத்தில் போட்டால் இறகை வைத்தே சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். படம் எடுத்ததும் இறகை அங்கேயே விட்டுவிடுங்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இறகும் வருகிறது, மயில் தோகைக்கு விலக்கு உண்டு, குயிலுக்குக் கிடையாது. என் நோட்டில் இருந்ததும் கடைசியில் தோட்டத்துக்குத்தான் போனது.