பில்பாவோவிடம் பேரம் கிடையாது

கேள்வி: 2023 ஜனவரியில் இங்கிலாந்துக் கால்பந்து கிளப் பிரைட்டனின் வீரர் கைசெடோவுக்கு ஆர்சனல் முதலில் 60, பிறகு 70 மில்லியன் பவுண்டு தர முன்வந்தது. பிரைட்டன் மறுத்துவிட்டது. ஆனால் அதே ஆகஸ்டில் செல்சிக்கு விற்றது. எப்படியும் விற்கப் போகிறவர்கள் முதலில் ஏன் மறுக்க வேண்டும்? எல்லா கிளப்புகளும் இப்படித்தானா?
– வாசகர், திருப்பூர்

பதில்: விலை போதாது என்பது பாதிக் காரணம்தான். மீதி, மாதம். ஜனவரியில், பருவத்தின் நடுவில், ஒரு நடுக்கள வீரரை விட்டுவிட்டு அந்த இடத்தில் யாரை இறக்குவது? கைசெடோ தன்னைப் போக விடும்படி இன்ஸ்டாகிராமில் கடிதமே எழுதினார். பிரைட்டன் அசையவில்லை. மார்ச்சில் அவரிடமே புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது. அந்தப் பருவத்தில் 6-ஆம் இடம் பிடித்து, வரலாற்றிலேயே முதல்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. ஆகஸ்டில் செல்சி கொடுத்தது 100 மில்லியன், மேற்கொண்டு 15 வரை. ஈக்வடாரிலிருந்து அவரை அழைத்து வந்தபோது ஆன செலவு சுமார் 4.5 மில்லியன்தான்.

எல்லோரும் இப்படியல்ல. ஒரு கிளப் பேரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிய வேண்டுமானால், அந்த வீரர் போன மறுநாள் அவர்கள் யாரைத் தேடிப் போக முடியும் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். பிரைட்டன் உலகம் முழுக்க இளைஞர்களைத் தேடிவைத்திருக்கும் கிளப். அதனால் விற்க அஞ்சுவதில்லை. நாளையும் விலையையும் மட்டும் தன் கையில் வைத்துக்கொள்ளும்.

ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவோவின் நிலை வேறு. ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லையை ஒட்டிய பாஸ்க் மண்ணில் பிறந்தவர்கள், இல்லையென்றால் அங்கே ஆட்டம் கற்றவர்கள், இவர்களைத் தவிர வேறு யாரையும் அவர்கள் சேர்ப்பதில்லை. கையில் நூறு மில்லியன் இருந்தாலும் பிரேசிலுக்குப் போய் ஆள் வாங்க மாட்டார்கள். அப்படியானால் பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால்தான் அங்கே பேரமே கிடையாது. வீரரை விடுவிக்க ஒப்பந்தத்தில் எழுதிய ரிலீஸ் தொகையை முழுதாகக் கட்டு, கூட்டிப் போ. ஸ்பெயினில் 1985-ல் வந்த அரசாணை, இழப்பீடு கட்டிவிட்டு வீரர் வெளியேற வழி கொடுக்கிறது. பில்பாவோ அந்தத் தொகைக்கு ஒரு யூரோ குறைவாகக் கேட்டாலும் காது கொடுப்பதில்லை. 2012-ல் ஹாவி மார்ட்டினெஸுக்காக பயர்ன் மியூனிக் 40 மில்லியன் யூரோ கட்டியது. 2018 ஆகஸ்டில் கோல்கீப்பர் கெபாவுக்காக செல்சி கட்டியது 80 மில்லியன்.

அதே 2018 ஜனவரியில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பில்பாவோவின் தடுப்பாட்டக்காரர் லபோர்த்துக்காக 65 மில்லியன் கட்டி அவரை மான்செஸ்டர் சிட்டி கூட்டிப்போனது. அந்த இடத்துக்கு ஆள் வேண்டும், அவரும் பாஸ்க்காரராக இருக்க வேண்டும். பில்பாவோ பக்கத்து ஊர்ப் போட்டியாளரான ரியல் சோசியதாதின் இன்யிகோ மார்ட்டினெஸை எடுத்தது. அவருடைய ரிலீஸ் தொகையான 32 மில்லியனை முழுதாகக் கட்டியே எடுத்தது. தான் கேட்ட அதே முறையில் தானும் கொடுத்தது. இந்த நேர்மை எனக்குப் பெரிய விஷயம்.

என் அணி லண்டனின் டாட்டன்ஹாம் என்பதால் டேனியல் லெவியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2025 செப்டம்பர் வரை அவர்தான் தலைவர். வீரர்களை வாங்கி விற்கும் கெடுவின் கடைசி நாள் வரை இழுப்பது அவர் வழக்கம். 2008-ல் பெர்படோவை மான்செஸ்டர் யுனைடெட் வாங்கியதும் கெடு முடியும் நாளில்தான். ஆகஸ்ட் முடிவில் இங்கிலாந்தில் இரவு 11 மணி என்றால் நமக்கு விடிகாலை 3.30. எத்தனை வருடங்கள் அப்படிக் கண்விழித்திருக்கிறேன்!

2011-ல் எங்கள் மோட்ரிச்சுக்கு செல்சி 40 மில்லியன் பவுண்டு வரை ஏறியது. லெவி கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு ரியல் மாட்ரிட்டுக்கு அதைவிடக் குறைந்த விலைக்கே விற்றார். கணக்கில் நஷ்டம்தான். ஆனால் அதே நகரத்துப் போட்டியாளருக்குக் கொடுக்காததை நான் இன்றும் சரி என்றே சொல்வேன். 2011-12 பருவத்தில் நாங்கள் 4-ஆம் இடம் வந்தோம். 6-ஆம் இடம் வந்த செல்சி சாம்பியன்ஸ் லீக்கை வென்றதால், அடுத்த பருவம் அதில் ஆட எங்களுக்கிருந்த இடம் பறிபோனது. அது வேறு வலி. 2023-ல் ஹாரி கேன் பயர்னுக்குப் போனபோது ஒப்பந்தத்தில் ஒரே ஆண்டுதான் மிச்சம், வயது 30. இன்னும் ஓராண்டு இழுத்திருந்தால் சும்மாவே போயிருப்பார். ஒப்பந்தத்தின் ஆயுள் குறையக் குறைய, எவ்வளவு கறாரான தலைவரும் இறங்கித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: லிவர்பூலின் சுவாரெஸுக்கு ஆர்சனல் 4 கோடி பவுண்டுக்கு மேல் 1 பவுண்டு சேர்த்துக் கேட்டது உண்மையா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: உண்மைதான். 2013 ஜூலை, தொகை 4,00,00,001 பவுண்டு. 4 கோடியைத் தாண்டி யாராவது கேட்டால் லிவர்பூல் விட்டாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருப்பதாக ஆர்சனல் நம்பியது. ஆனால் ஸ்பெயினில் உள்ளது போன்ற அரசாணை இங்கிலாந்தில் இல்லை. லிவர்பூல் விற்க மாட்டோம் என்றது. அப்படி ஒரு விதி இருந்தது, இருந்தும் விற்பதில்லை என்று முடிவெடுத்தோம் என உரிமையாளர் ஜான் ஹென்றியே மறு ஆண்டு வெளிப்படையாகச் சொன்னார். எழுதிக்கொடுத்ததை மதிக்காதது எனக்கு உறுத்தல்தான். வீரரை ஏமாற்றியதாகத்தான் அதைப் பார்க்கிறேன். ஆர்சனலும் அந்த ஒற்றைப் பவுண்டை விட்டுவிட்டு மதிப்பான தொகையோடு போயிருக்கலாம். சுவாரெஸ் அந்தப் பருவத்தில் 33 லீக் ஆட்டங்களில் 31 கோல் அடித்தார். 2014-ல் பார்சிலோனாவுக்குப் போனார், 4 கோடியைவிட மிக அதிகமான விலைக்கு.