ஒரு என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணி தன் அஃபென்சிவ் லைனை ஒரே ஆண்டில் மாற்றிக் கட்ட முடியுமா? டிராஃப்ட் நல்லதா, ஃப்ரீ ஏஜென்சி நல்லதா?

முடியும். 2021-ல் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் செய்து காட்டிவிட்டது. ஆனால் ஐந்து இடங்களில் ஒரு இடம் மட்டும் அவர்களுக்குக் கடைசிவரை சரியாக அமையவில்லை. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் இது முழுப் பதிலாகும்.

அமெரிக்கக் கால்பந்து பழக்கமில்லாதவர்களுக்காக: பந்து எறியும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவர் போல நிற்கும் ஐந்து பேர்தான் அஃபென்சிவ் லைன். நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள். வலது கையால் எறிபவருக்கு லெஃப்ட் டேக்கிள்தான் முதுகுக்குக் காவல், அந்த இடத்துக்கு அவ்வளவு விலை இருப்பது அதனால்தான். டிராஃப்ட் என்பது கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் முறை; ஒப்பந்தம் முடிந்த வீரர்களை வெளியிலிருந்து பணம் கொடுத்து எடுப்பது ஃப்ரீ ஏஜென்சி.

சீஃப்ஸ் 2020-ல் தங்கள் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸுக்கு 10 ஆண்டு, 450 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுத்திருந்தார்கள். 2021 பிப்ரவரி 7, டாம்பாவில் சூப்பர் பௌல், அதாவது சீசனின் இறுதிப் போட்டி. நமக்கு அது திங்கட்கிழமை விடிகாலை 5 மணி, அலாரம் வைத்து எழுந்து பார்த்தேன். மஹோம்ஸ் கைக்குப் பந்து வந்த நொடியிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தார். லெஃப்ட் டேக்கிள் எரிக் ஃபிஷருக்கு இரண்டு வாரம் முன்புதான் குதிகால் தசைநார் அறுந்திருந்தது, ரைட் டேக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸ் முதுகுக் காயத்தால் அக்டோபரிலிருந்தே ஆடவில்லை, கார்டு லோரான் டுவெர்னே டார்டிஃப் ஒரு டாக்டர், கோவிட் காலம் என்பதால் அந்த சீசனையே விட்டுவிட்டு கனடாவில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்யப் போயிருந்தார் (அவர்மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை). மிச்சமிருந்தவர்களை இடம் மாற்றி நிறுத்தினார்கள், 31-9 என்று தோற்றார்கள். தரைக்கு இணையாகச் சாய்ந்து விழும்போதே மஹோம்ஸ் எறிந்த ஒரு பந்து எண்ட் ஸோனில் (புள்ளி எடுக்கும் எல்லைப் பகுதியில்) நின்ற சக வீரரின் ஹெல்மெட்டில் போய்ப் பட்டுத் தெறித்ததை என்னால் மறக்கவே முடியவில்லை.

அடுத்த மாதமே ஃபிஷரையும் ஷ்வார்ட்ஸையும் ஒரே நாளில் விடுவித்தார்கள். ஃபிஷர் 2013 டிராஃப்ட்டின் முதல் தேர்வு என்பதை நினைத்துப் பாருங்கள். கோவிட்டால் வருமானம் குறைந்து அந்த ஆண்டு சேலரி கேப்பே (ஒரு அணி சம்பளத்துக்குச் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு) 198.2 மில்லியனிலிருந்து 182.5 மில்லியனுக்கு இறங்கியிருந்தது, அதனால் பழைய பாசம் பார்த்து யாரையும் வைத்துக்கொள்ள முடியாத நிலை.

பெரிய பணம் போனது ஒருவருக்குத்தான்: நியூ இங்கிலாந்து அணியில் இருந்த கார்டு ஜோ துனி, 5 ஆண்டு 80 மில்லியன். கார்டுக்கு இவ்வளவா என்று நானும் யோசித்தேன். ஆனால் அங்கே அவர் ஆடிய ஐந்து சீசனில் ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. முந்தைய சீசனில் காயத்தாலேயே நொறுங்கிப்போன அணிக்கு வேறு எது தேவை? லெஃப்ட் டேக்கிளுக்கு டிரென்ட் வில்லியம்ஸைக் கேட்டுப் பார்த்தார்கள், அவர் 6 ஆண்டு 138 மில்லியனுக்கு சான் ஃபிரான்சிஸ்கோவிலேயே தங்கிவிட்டார். ஏப்ரலில் பால்டிமோர் அணியிடம் முதல் சுற்றுத் தேர்வையும் இன்னும் சில தேர்வுகளையும் கொடுத்து ஓர்லாண்டோ பிரௌனை வாங்கினார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அப்புறம் வந்த டிராஃப்ட்தான். இரண்டாம் சுற்றின் கடைசிப் பக்கம், 63-வது தேர்வாக சென்டர் க்ரீட் ஹம்ஃப்ரி கிடைத்தார். ஆறாம் சுற்றில் 226-வது தேர்வு கார்டு ட்ரே ஸ்மித். திறமைக்கு அவர் அவ்வளவு கீழே வந்திருக்கவே கூடாது, கல்லூரிக் காலத்தில் நுரையீரலில் ரத்தம் உறைந்த வரலாறு இருந்ததால் மற்ற அணிகள் பயந்து ஒதுங்கின. ரைட் டேக்கிளில் லூகஸ் நியாங், 2020-ல் தேர்வாகி கோவிட்டால் அந்த ஆண்டு ஆடாதவர். செப்டம்பரில் முதல் ஆட்டத்துக்கு இறங்கியபோது ஐந்து பேருமே புதியவர்கள்.

பலன் 2023 பிப்ரவரி சூப்பர் பௌலில் தெரிந்தது. எதிரில் ஃபிலடெல்ஃபியா, அந்த சீசனில் 70 முறை குவார்ட்டர்பேக்கை பந்து எறியும் முன்பே வீழ்த்திய (அதுதான் சாக்) அணி. கணுக்கால் சுளுக்கோடு ஆடிய மஹோம்ஸை அன்று ஒரு முறைகூட சாக் செய்ய அவர்களால் முடியவில்லை. 38-35, சீஃப்ஸுக்குக் கோப்பை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். டிராஃப்ட்டா ஃப்ரீ ஏஜென்சியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை, இரண்டும் வேறு வேறு வேலைக்கு. வெளியிலிருந்து பணம் கொடுத்து எடுக்கும் ஆள் முதல் நாளிலிருந்தே நம்பி நிறுத்தக்கூடியவராக இருக்க வேண்டும், அப்படி ஒருவர் போதும். சென்டரையும் கார்டுகளையும் டிராஃப்ட்டின் நடுச் சுற்றுகளிலும் கடைசிச் சுற்றுகளிலும் கண்டெடுக்கலாம், நான்கு ஆண்டுக்குக் குறைந்த சம்பளம், அதில் மிச்சமாகும் பணத்தில்தான் மற்ற இடங்கள் நிற்கின்றன. அந்த நான்கு ஆண்டு முடிந்ததும் பில் வரும் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஹம்ஃப்ரிக்கு 72 மில்லியன், ஸ்மித்துக்கு 94 மில்லியன், இரண்டுமே நான்காண்டு ஒப்பந்தங்கள்.

லெஃப்ட் டேக்கிளுக்கு மட்டும் இந்தக் கணக்கு வேலை செய்யாது. பிரௌனோடு நீண்ட ஒப்பந்தம் படியவில்லை, இரண்டே சீசனில் சின்சினாட்டிக்குப் போய்விட்டார். அதன்பிறகு ஓராண்டுக்கு டோனோவன் ஸ்மித், அடுத்து இரண்டாம் சுற்றுத் தேர்வான கிங்ஸ்லி சுவாமடாயா இரண்டு ஆட்டம், வான்யா மோரிஸ், கடைசியில் வேறு வழியில்லாமல் துனியையே கார்டு இடத்திலிருந்து பெயர்த்து அங்கே நிறுத்தினார்கள். லைனிலேயே பலமான இடத்தை எடுத்து பலவீனமான இடத்தில் ஒட்டுப்போட்டால் இரண்டும் பலவீனமாகும், 2025 பிப்ரவரி சூப்பர் பௌலில் அதுதான் நடந்தது. அதே ஃபிலடெல்ஃபியா, கூடுதல் ஆள் யாரையும் அனுப்பாமல், முன்வரிசையை வைத்தே மஹோம்ஸை ஆறு முறை வீழ்த்தியது. 40-22. நான்கு வருடம் முன்பு பார்த்த அதே விடிகாலை மறுபடி வந்தது போல இருந்தது எனக்கு.

அடுத்த மாதம் துனியை சிகாகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏப்ரலில் முதல் சுற்றின் கடைசித் தேர்வாக, 32-வது இடத்தில், ஒஹையோ ஸ்டேட்டின் ஜோஷ் சிம்மன்ஸை எடுத்தார்கள். முழங்கால் தசைநார் கிழிந்திருந்ததால் மற்ற அணிகள் தயங்கி விட்டுவைத்த லெஃப்ட் டேக்கிள் அவர். ட்ரே ஸ்மித்தை எடுத்த அதே துணிச்சல்தான், ஆனால் இந்த முறை ஆறாம் சுற்றில் இல்லை, முதல் சுற்றில்.