20 வருஷப் பழைய காரை வீட்டிலேயே சரிசெய்து ஓட்டுவது பொழுதுபோக்காகச் சாத்தியமா?

கேள்வி: அப்பா ஓட்டிய 2004 மாடல் மாருதி 800 இரண்டு வருடமாக வாசலில் நிற்கிறது. விற்கப் போனால் பழைய இரும்பு விலைக்குக் கேட்கிறார்கள். விடுமுறை நாட்களில் நானே கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து, சில வசதிகளையும் சேர்த்து ஓட்டலாமா? எங்கிருந்து தொடங்குவது?

தாராளமாகச் செய்யலாம். மதுரை திருநகரில் என் வீட்டு போர்டிகோவில் 1998 மாடல் 800 ஒன்று இருக்கிறது. என் ஞாயிற்றுக்கிழமைகள் அதன் அடியில்தான் கழிகின்றன. நான் மெக்கானிக் இல்லை, வேலை வங்கியில். உங்களுடையது எம்.பி.எஃப்.ஐ (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சுவது), என்னுடையது கார்பரேட்டர் (காற்றின் இழுப்பிலேயே பெட்ரோலைக் கலப்பது). பெரிய வித்தியாசம் அது ஒன்றுதான். மற்றபடி அதே 796 சிசி, அதே மூன்று சிலிண்டர்.

நான் சொல்லப்போவதெல்லாம் ஒரே விஷயத்தில் அடங்கும்: பழைய காரில் இரும்பு அவ்வளவு சீக்கிரம் சாகாது, முதலில் சாவது ரப்பரும் ஒயரும். இன்ஜின் போச்சு, பம்ப் போச்சு என்று சொல்லப்படும் வியாதிகளில் பாதிக்குமேல் கடைசியில் ஒரு ஹோஸ், ஒரு சீல், ஒரு எர்த் ஒயரில் வந்து முடியும். அவற்றில் பலவற்றை வீட்டிலேயே மாற்றலாம்.

ஓர் உதாரணம். என் வண்டி ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, ஒரு நிலையில் நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. சிக்னலில் நின்றால் அணைந்துவிடும். காளவாசல் சிக்னலில் வண்டி அணைந்து நிற்க, பின்னால் டவுன் பஸ்காரர் ஹாரனில் கை வைத்தபடி இருந்தால் எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பட்டறையில் காட்டினேன். "கார்பரேட்டர் தேஞ்சுருச்சு சார், புதுசு போட்டுருவோம்" என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வீட்டில் இன்ஜினை ஓடவிட்டு, சிலிண்டர்களுக்குக் காற்று கொண்டுபோகும் மேனிஃபோல்டைச் சுற்றி ஓடும் சின்னச் சின்ன வேக்குவம் ஹோஸ்கள் மேல் ஒவ்வொன்றாகச் சோப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் தண்ணீர் பட்டு, காற்றை உள்ளே விடும் வெடிப்பை அடைத்ததும் ஐடில் ஒரு நொடி நிலைத்து நின்றது. கார்பரேட்டருக்கு அடியில், குனிந்தாலும் தெரியாத ஒரு வளைவில், சுண்டுவிரல் கனம்கூட இல்லாத ஹோஸ். கழற்றிப் பார்த்தால் கறுப்பாக, ஒழுங்காகத்தான் இருந்தது. வளைத்தேன். வளைவின் மேல்பக்கம் முழுக்கக் காய்ந்த வேப்பங்குச்சி மாதிரி வெடிப்பு. அழுத்தினால் விரலில் கறுப்புத் தூள் ஒட்டியது. ஒரு முழம் ஹோஸ் வாங்கி மாட்டியதும் சரியாகிவிட்டது. அதே கார்பரேட்டர்தான் இன்னும் ஓடுகிறது.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். இரண்டு வருடம் நின்ற வண்டிக்குப் புது பேட்டரி மாட்டி உடனே சாவியைத் திருப்பாதீர்கள். டேங்கில் இருக்கும் பெட்ரோலை முழுசாக இறக்குங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். நாள்பட நின்றால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சில சொட்டு ஆயில் விட்டு, இன்ஜின் தண்டின் முனையில் இருக்கும் சக்கரமான கிராங்க் புல்லியை ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் பாதி கவலை தீர்ந்தது. ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறக்கும்போது முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். எலி குடும்பம் நடத்தியிருக்கும். அப்படியிருந்தால் அந்தப் பக்கம் ஓடும் ஒயர்களையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும், கடித்த இடம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது.

பெட்ரோல் ஹோஸ்களை மொத்தமாக மாற்றிவிடுங்கள். 20 சதவீத எத்தனால் பெட்ரோல் 2023-க்குப் பிறகுதான் பெட்ரோல் பங்க்குகளில் பரவலாக வந்தது. 2004-ல் போட்ட ரப்பர் அதற்காகச் செய்ததல்ல. எம்.பி.எஃப்.ஐ வண்டிக்கு அழுத்தம் தாங்கும் ஹோஸ்தான் வேண்டும், எஸ்.ஏ.இ 30ஆர்9 என்று மேலேயே அச்சிட்டிருக்கும். கடைக்காரர் ஏதோ ஒரு கறுப்பு ட்யூபை வெட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். கழற்றும் முன் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டால், லைனில் இருக்கும் அழுத்தம் தீர்ந்து தானே அணைந்துவிடும். அப்புறம் கழற்றினால் முகத்தில் பீய்ச்சாது.

மதுரையில் பழைய கார் வைத்திருப்பவர் அதிகம் பயப்பட வேண்டியது சூட்டுக்கு. கத்திரி வெயிலில் 40 டிகிரி, அதோடு ஏசி, அதோடு திருவிழா நெரிசல். இங்கே பலருக்கு ஒரு பழக்கம்: சூடாகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்குண்ணே" என்பார்கள். தெர்மோஸ்டாட் 80 டிகிரியைத் தாண்டும்போதுதான் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும். அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர வெகு நேரமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். எதனால் சூடாகிறது என்ற கேள்வி மட்டும் அப்படியே கிடக்கும். உங்கள் அப்பாவின் வண்டியிலும் அது கழற்றப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம், பாருங்கள். இருந்தால் சோதிப்பது சுலபம்: பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், வால்வு திறப்பது கண்ணெதிரே தெரியும். அடுத்தது ரேடியேட்டர் மூடி. அதில் இருக்கும் ரப்பர் வளையம் இறுகிப்போனால் அழுத்தம் நிற்காது, அழுத்தம் நிற்காவிட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். புது மூடி சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். போர் தண்ணீரை ஊற்றவே ஊற்றாதீர்கள். நம் பக்கத்து உப்பு ரேடியேட்டருக்குள் போய்ப் படிந்தால் அப்புறம் என்ன செய்தாலும் முழுசாகப் போகாது. டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் சரிபாதி போதும்.

800-ல் ரேடியேட்டர் ஃபேன் கரண்டில் ஓடுவது. நாம் ஃபேன் பெல்ட் என்று சொல்லும் பெல்ட் வாட்டர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது. ஆகவே அது தளர்ந்தால் பேட்டரி சார்ஜ் ஆகாமல் போவதும் வண்டி சூடாவதும் சேர்ந்தே வரும். நான் மாட்டியிருப்பது ஃபென்னர். கம்பெனி நம் கோச்சடையில்தான் இருக்கிறது என்பதில் எனக்கு ஓர் அல்ப சந்தோஷம். உதிரிபாகத்துக்கும் இங்கே பஞ்சமில்லை, டி.வி.எஸ் 1911-ல் தொடங்கிய ஊராயிற்றே. 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டாலும் வடக்கு வெளி வீதிப் பக்கம் போய்க் கேட்டால் "ஒரிஜினலாண்ணே, லோக்கலா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். ரப்பர் சாமான் எதுவானாலும் ஒரிஜினல் அல்லது பேர்போன கம்பெனி. கைப்பிடி, மேட் மாதிரி சமாச்சாரங்களுக்கு லோக்கல் போதும்.

பிரேக்கிலும் கதை ரப்பர்தான். முன்சக்கரத்துக்குப் போகும் வளையும் பிரேக் ஹோஸ் உள்பக்கம் ஊதி அடைத்துக்கொள்ளும். பெடலை அழுத்தினால் எண்ணெய் போகும், விட்டால் திரும்பி வராது. அந்தச் சக்கரம் மட்டும் பிடித்தபடியே ஓடி, தொட்டால் சுடும். வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸில் ஒரு குறையும் தெரியாது. பின்சக்கர டிரம்மைத் திறந்து, வீல் சிலிண்டரின் தூசி ரப்பரை நகத்தால் லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் கப் போய்விட்டது என்று அர்த்தம், லைனிங்கும் நனைந்திருக்கும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் சரக்கு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஏர் எடுக்க, அதாவது பிரேக் லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற, இரண்டு பேர் வேண்டும். என் வீட்டில் பெடல் மிதிப்பது பத்தாவது படிக்கும் மகன். "மிதி... மிதி... பிடி... விடாதடா" என்று நான் அடியிலிருந்து கத்த, "விடட்டாப்பா?" என்று அவன் மேலிருந்து கேட்க, தெருவே வேடிக்கை பார்க்கும். முதல் தடவை பிரேக்கில் கை வைக்கும்போது தெரிந்த மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். முடித்ததும் ஆளில்லாத ரோட்டில் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். நான் அடுத்த கட்டமாக நத்தம் ரோட்டு மேம்பாலத்தில் ஒரே வேகத்தில் ஓட்டிப் பார்ப்பேன், 7.3 கிலோமீட்டருக்கு வண்டி தன் சத்தத்தையெல்லாம் சொல்லிவிடும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் பிரேக்கும் ரேடியேட்டரும் நம்பிக்கை கொடுத்த பிறகுதான்.

இனி "வசதிகள்". என் கணக்கில் முதல் மேம்பாடு எர்த் ஒயர். பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் இணைப்புகளைக் கழற்றி, துருவைச் சுரண்டி, புதுக் கனமான ஒயர் போட்டாலே ஸ்டார்ட்டர் சுற்றும் வேகம் மாறும். அடுத்தது ஹெட்லைட். மல்டிமீட்டரை வைத்து அளந்தபோது என் வண்டியில் பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பு சாக்கெட்டில் 12-க்கும் கீழே. ஹாலஜன் பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும். பழைய ஒயரும் பழைய சுவிட்சும் சேர்ந்து தின்கிற வோல்ட் அது. பேட்டரியிலிருந்து நேராக ஃப்யூஸ், ரிலே (சின்னக் கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வழியாகக் கனமான ஒயர் இழுத்து, பழைய சுவிட்சை ரிலேயை இயக்க மட்டும் விட்டேன். அதே 60/55 வாட் எச்4 பல்புதான், ஆனால் இரவில் பள்ளம் முன்கூட்டியே தெரிகிறது. ரெடிமேட் ரிலே செட் வாங்குவதானால் ஒரு எச்சரிக்கை: சில ஜப்பானிய வடிவமைப்புகளில் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். உங்களுடையது எப்படி என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஹாலஜன் ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்பைச் செருகுகிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம் ரோட்டில் விழாது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. கட்டம் இன்னும் ஆழமாக இருக்கிறதே என்று பழசை வைத்துக்கொள்ள வேண்டாம், அதுவும் ரப்பர்தானே. கதவுகளுக்குள் டேம்பிங் ஷீட் ஒட்டினால் 800-ன் தகர டப்பா சத்தம் நன்றாக அடங்கும். ஆனால் தரையில் ஒட்டும் முன் கார்ப்பெட்டைத் தூக்கித் துரு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், பேட்டரி தட்டுக்கு அடியிலும்தான். பெரிய அலாய், வேறு இன்ஜின், வெடிச் சத்த சைலன்சர் பக்கம் போக வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதற்குக் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

வெளியே கொடுக்க வேண்டியவை: டைமிங் பெல்ட், ஏசி கேஸ், வெல்டிங், டிங்கரிங். இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றியது என்று அப்பாவுக்கு நினைவில்லையென்றால் ஓட்ட ஆரம்பிக்கும் முன்பே மாற்றிவிடுங்கள். கருவிகளுக்கு ஒரு நல்ல ஸ்பேனர் செட், மல்டிமீட்டர், இரண்டு ஜாக் ஸ்டாண்டு போதும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக்கூடாது. ஹாலோ பிளாக் அடுக்கியும் போகக்கூடாது, அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் ஆர்.சி புத்தகத்தை எடுத்துத் தேதி பாருங்கள். 2004 பதிவென்றால் 15 வருடம் 2019-ல் முடிந்திருக்கும், அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. விட்டுப்போன ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் தாமதக் கட்டணமும் உண்டு. அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்த பிறகும் வண்டியை வைத்துக்கொள்ளத் தோன்றினால் ஸ்பேனர் வாங்குங்கள்.